உங்களுக்குத் தெரியுமா? சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? நாலு மணி நேரம்!

"பொண்ணு சிங்கப்பூர்லயா இருக்கா? எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நாலு மணி நேரம்" என்றுதான் பதில் வரும். கேட்டது தூரம், வந்தது நேரம். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நம் முன்னோரும் அப்படிப் பேசியவர்கள்தான். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் எவ்வளவு போகலாமோ அதற்கு 'நாழிகை வழி' என்று பெயர். குரல் எட்டும் தொலைவு 'கூப்பிடு தூரம்'. நடந்து போனவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவந்தது. விமானத்தில் ஏறிவிட்டால் தூரம் ஒரு பக்கமும் நேரம் ஒரு பக்கமும் இழுக்கின்றன. அந்த இழுபறியிலிருந்து சில துணுக்குகள்.

● சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 2,900 கி.மீ. பறப்பது நாலு மணி நேரத்துக்குச் சற்றே கூட. ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரங்களை வைத்துக் கழித்துப் பார்த்தால், போகும்போது ஆறரை மணி நேரத்துக்கு மேல் காட்டும், வரும்போது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதுதான் காரணம். இந்த 'அரை' 1982 ஜனவரி 1-இல்தான் சேர்ந்தது. அதுவரை வித்தியாசம் சரியாக இரண்டு மணி. மலேசியா தன் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. விமானம் அதே விமானம், கடல் அதே கடல், பயணம் மட்டும் காகிதத்தில் அரை மணி நீண்டுவிட்டது.

● கொழும்பு இன்னும் வேடிக்கை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. 2006 ஏப்ரலில், புத்தாண்டு கழிந்த கையோடு, மீதி அரை மணியையும் விட்டுவிட்டு இந்திய நேரத்துக்கே வந்தது. அந்தப் பத்தாண்டில் கொழும்பு போய்வந்த சென்னை வியாபாரிகள் கைக்கடிகாரத்தை அரை மணிக்காக முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தார்கள்.

● விமானத் தூரத்தை வீட்டிலேயே கணக்குப் போடலாம். விமானிகள் கி.மீ.யில் பேசுவதில்லை, கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஏன் இந்தக் கோணல் எண்? பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு கடல் மைல். சென்னை விமான நிலையம் வடக்கே 12 பாகை 59 நிமிடத்தில் இருக்கிறது. கொழும்பின் கட்டுநாயக்கா 7 பாகை 11 நிமிடத்தில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. வித்தியாசம் 5 பாகை 48 நிமிடம், அதாவது 348 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் சுமார் 645 கி.மீ. பள்ளி அட்லஸும் பென்சிலும் போதும். கிழக்கு மேற்காக விலகியிருக்கும் ஊர்களுக்கு மட்டும் இந்த எளிய வித்தை பலிக்காது.

● நீண்ட வழியில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். நம்பமுடியாவிட்டாலும் நடந்த கதை. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா அட்லாண்டிக் பக்கமாக, மேற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. 13,900 கி.மீ., சுமார் 16 மணி நேரம். 2016 அக்டோபரில் அதே விமானத்தைத் திசைமாற்றிக் கிழக்கே, பசிபிக் மேலாக அனுப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது, 1,400 கி.மீ. கூடுதல். நேரமோ பதினாலரை மணியாகக் குறைந்தது.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இதன் சூட்சுமம் சட்டென்று புரியும். துடுப்பு போடும் கை ஒன்றுதான். ஆற்றோடு போனால் ஒரு வேகம், ஆற்றை எதிர்த்தால் வேறு வேகம். விமானமும் காற்று என்னும் ஆற்றில் மிதக்கும் பரிசல்தான். காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் அது போகும்போது, அந்தக் காற்றே 150 கி.மீ. வேகத்தில் முன்னோக்கி ஓடினால் தரைக்கு மேல் 1,050 கி.மீ. எதிரே அடித்தால் 750. பதினாலு மணி நேரத்துக்கு இந்த வித்தியாசம் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில் மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் அந்தக் காற்றாற்றுக்கு 'ஜெட் ஸ்ட்ரீம்' என்று பெயர்.

● அந்த ஆற்றை முதலில் அளந்து எழுதியவர் ஜப்பானிய வானிலையாளர் வாசாபுரோ ஓயிஷி. 1920-களில் தாதெனோ என்னும் ஊரில் பலூன்களைப் பறக்கவிட்டு, உயரே மிகக் கடுமையான காற்று வீசுவதைக் கண்டார். 1926-இல் அறிக்கையும் வெளியிட்டார். உலகமெல்லாம் படிக்கவேண்டும் என்ற ஆசையில் அதை ஜப்பானிய மொழியில் எழுதவில்லை, ஆங்கிலத்திலும் எழுதவில்லை. உலகப் பொதுமொழி என்று உருவாக்கப்பட்டிருந்த எஸ்பெராண்டோவில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் மேல் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்காற்றில் திணறி நின்றபோதுதான் விமானிகள் அந்தக் காற்றைப் பட்டறிந்தார்கள்.

● 'கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம்' என்ற விதி நம் ஊரில் ஆடி மாதத்தில் தலைகீழாகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் தலைக்கு மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடும். கீழே தென்மேற்கிலிருந்து காற்று, மேலே கிழக்கிலிருந்து காற்று. இந்த 'வெப்பமண்டலக் கிழக்கு ஜெட்' ஓட்டத்தை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். ஆகவே ஜூலையில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு எதிர்காற்று, திரும்பி வரும் விமானத்துக்கு முதுகில் தள்ளும் காற்று. இதை எந்த டிக்கெட்டிலும் அச்சடிக்கமாட்டார்கள்.

● "பூமிதான் சுற்றுகிறதே, மேலே எழும்பி நின்றுகொண்டால் லண்டன் தானாக நமக்குக் கீழே வந்துவிடாதா?" பள்ளியில் இதைக் கேட்டு அடி வாங்கியவர்கள் உண்டு. வராது. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுற்றுகிறது, அதில் மிதக்கும் விமானமும்தான். ஓடும் ரயிலில் ஈ பறந்தாலும் ரயிலோடுதான் வரும்.

● கிழக்குப் பக்கம் போகும் விமானங்கள் 33,000, 35,000, 37,000 அடி என ஒற்றைப்படை ஆயிரங்களில் பறக்கும். மேற்குப் பக்கம் போகிறவை 34,000, 36,000, 38,000 என இரட்டைப்படை. எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆயிரம் அடி. அடுத்த முறை விமானி அறிவிக்கும்போது காதைக் கொடுங்கள். உயரத்தை வைத்தே திசையைச் சொல்லி பக்கத்து இருக்கைக்காரரை அசத்தலாம்.

● உண்மையாகவே கூப்பிடு தூரத்துக்கு விமானம் ஓட்டும் ஊர் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டம். அங்கே வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கி.மீ. நம் மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் போகிற மாதிரி. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று வாட்டமாக அடித்த ஒரு நாளில் 53 விநாடியில் போய் இறங்கியிருக்கிறார்கள். பெல்ட்டைப் போட்டுக் கழற்றவே அவ்வளவு நேரம் ஆகும். கடல் கொந்தளிக்கும் நாளில் அந்தத் தீவின் ஆசிரியர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்தக் குட்டி விமானம்தான் டவுன் பஸ்.

● மறுகோடியில் சிங்கப்பூர்–நியூயார்க். வழியில் எங்கும் இறங்காமல் 15,349 கி.மீ., பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். 2018 அக்டோபரில் நியூவார்க் விமான நிலையத்துக்குத் தொடங்கி, 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் போக ஆரம்பித்தது. அந்த 15,349 என்பது பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்தது. காற்றைத் தேடி வளைந்து போகும் நாட்களில் உண்மையில் பறப்பது 16,000-ஐத் தாண்டும். இதற்கென்றே செய்த ஏர்பஸ் 350 ரகத்தில் மொத்தம் 161 இருக்கைதான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. ஏற்றுவது ஒரு லட்சத்து 65 ஆயிரம் லிட்டர் வரை எரிபொருள். கிளம்பும்போது எரிக்கும் எரிபொருளில் ஒரு பெரும்பங்கு, மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. தண்ணீர் லாரி தண்ணீர் குடித்துக்கொண்டே போகிற கதை.

● சென்னை–மதுரை வான்வழியில் 420 கி.மீ. கூட இல்லை. காற்றில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குள். டிக்கெட்டில் மட்டும் ஏன் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று இருக்கிறது? விமானக்காரர்கள் கணக்கில் பயணம் என்பது சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுக்கும் நேரத்திலிருந்து, மறு ஊரில் திரும்ப முட்டுக்கொடுக்கும் வரை. 'பிளாக் டைம்' என்று அதற்குப் பெயர். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். இதற்குமேல் கொஞ்சம் நேரத்தைப் பொதியாகவும் சேர்த்து வைப்பார்கள். தாமதமாகக் கிளம்பி, "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்று அறிவித்துக் கைத்தட்டல் வாங்குவதன் ரகசியம் அந்தப் பொதிதான். நான் ஒருமுறை மதுரைக்குப் போனபோது மூன்று மணி நேரம் முன்னதாக வீட்டைவிட்டுக் கிளம்பி, விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மதுரையில் இறங்கிப் பெட்டிக்காக அரை மணி நின்று, ஆட்டோ பிடித்து வீடு சேர்ந்தபோது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அன்று பகலில் கிளம்பிய வைகை எக்ஸ்பிரஸ் அப்போது திண்டுக்கல்லை நெருங்கிக்கொண்டிருந்திருக்கும்.

● விமானத்தில் எஞ்சின் ஓடும்வரை எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று நினைக்கவேண்டாம். உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி பெரும்பாலும் கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறங்கியாகவேண்டும். திபெத் பீடபூமியில் தரையே சராசரியாக 14,000 அடிக்கு மேல். இறங்க இடமேது? அதனால் பல விமானங்கள் அதைச் சுற்றிக்கொண்டே போகின்றன. வரைபடத்தில் நேர்கோடு போட்டு "ஏன் இப்படிப் போகக்கூடாது" என்று கேட்பவர்களுக்கு மலையே பதில்.

● வரைபடத்தின் நேர்கோடே பல சமயம் பொய். உருண்டையைத் தட்டையாக்கிய தாளில் வடக்குப் பகுதி ஊதிப் பெருத்துவிடும். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. தாளில் பார்த்தால் அது கிழக்கேயோ மேற்கேயோ போகவேண்டும். அது போனது நேர் வடக்கே. வட துருவத்தின் மேலாக ஏறி, மறுபக்கம் இறங்கித் தெற்கே வந்தது. இரண்டு ஊருக்கும் நேர்த்தூரம் 14,000 கி.மீ.யை ஒட்டி. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊரிலும் வைத்து இறுக்கிப் பாருங்கள்.

● மலை, காற்று தவிர இன்னொரு தடை: கோபம். 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியைச் சாத்தியது. டெல்லியிலிருந்து இஸ்தான்புல் போன சிறிய ரக விமானம் அரபிக்கடல் வழியாகச் சுற்றிப் போனதால், நடுவே தோஹாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் மறுபடியும் இந்திய விமானங்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. ரஷ்யா 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு வழி அடைத்தபோது ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணி ஆனது. ஃபின்லாந்து நிறுவனத்தின் விமானம் வட துருவத்தைச் சுற்றிப் போனது. புதுவழி என்று நினைக்கவேண்டாம். சோவியத் காலத்தில், 1983-இல், அதே நிறுவனம் அதே காரணத்துக்காக அதே துருவ வழியாகத்தான் டோக்கியோ போனது. பயணிகளுக்குத் துருவம் கடந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2022-இலும் கொடுத்தார்கள்.

● சான்றிதழ் என்றதும் இலங்கையின் கொக்கலை நினைவுக்கு வருகிறது. காலிக்குப் பக்கத்தில் ஒரு கடலேரி. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் போனதும் ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்தது. 1943-இல் குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா என்ற நீர்விமானங்களைக் கொண்டு, பெர்த்திலிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி நேரே கொக்கலை ஏரியில் இறங்கத் தொடங்கியது. 5,600 கி.மீ.க்கு மேல், நடுவே இறங்க இடமில்லை. எரிபொருளின் பாரத்தால் அதிகபட்சம் மூன்று பயணிகள், கொஞ்சம் ராணுவத் தபால். ஜப்பானியர் காதில் விழக்கூடாது என்று வானொலியை மூடிவைத்து, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். பயணம் 27 முதல் 32 மணி நேரம். மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்துவிடலாம். அதனால் 'இரட்டைச் சூரியோதயப் பயணம்' என்று பெயர் வந்தது. இறங்கியவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்று அச்சடித்த ஒரு சான்றிதழும் தரப்பட்டது. 1945 வரை ஒரு விமானத்தைக்கூட இழக்காமல் நடந்தது இது. பறந்துகொண்டிருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால், பதினெட்டரை மணி நேர நியூயார்க் விமானம் அதன் பக்கத்தில்கூட வரமுடியாது.

● அவசரமில்லாத காலமும் இருந்தது. 1929 மார்ச்சில் லண்டனிலிருந்து கராச்சிக்கு முதல் பயணிகள் விமானச் சேவை தொடங்கியபோது ஏழு நாள் பயணம், 130 பவுண்டு கட்டணம். நடுவே சுவிட்சர்லாந்தின் பாசெலில் இறக்கி, இத்தாலியின் ஜெனோவா வரை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். விமான டிக்கெட்டில் ரயில் பயணம்!

● டாட்டாவின் முதல் விமானத் தபாலுக்குக் கடைசி நிறுத்தம் நம் சென்னைதான். 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹு வந்தார். வேகம் மணிக்குச் சுமார் 160 கி.மீ. அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டு வண்டியில் வந்தது. பம்பாயில் தபாலை வாங்கிக்கொண்ட நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸ் வந்து சேர்ந்தார். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1982-இல், 78 வயதில் டாட்டா அதே கராச்சி–பம்பாய் வழியை ஒரு பழைய 'லெப்பர்ட் மாத்' விமானத்தில் மறுபடி பறந்து காட்டினார்.

● நியூயார்க்–லண்டன் சாதனை 1996 பிப்ரவரி 7-இல் கான்கார்டு வைத்தது: 2 மணி 52 நிமிடம் 59 விநாடி. 2020 பிப்ரவரியில் புயல் காற்று முதுகில் தள்ள, சாதாரண போயிங் 747 ஒன்று அதே தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. வழக்கமாக ஆறரை மணி நேரம் பிடிக்கும் வழி அது.

● டோக்கியோவில் இரவு ஒன்பதுக்கு ஏறினால், ஹவாயின் ஹொனலுலுவில் அதே தேதியில் காலை ஒன்பதுக்கு இறங்கலாம். நடுவே சர்வதேசத் தேதிக் கோடு. பிறந்தநாளை இரண்டு முறை கொண்டாட ஆசைப்படுகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ளவும்.

● கடைசியாக ஒரு சின்ன வழி. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 355 கி.மீ. திருச்சிக்கு இன்னும் பக்கம், 185 கி.மீ. போல. ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை 1947 டிசம்பரில் பறக்கவிட்டபோது கொழும்பின் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வழியாக மதராஸுக்குத்தான் விட்டது. பிறகு அந்த வழி அடைபட்டது, போர் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வர வேண்டுமென்றால் தெற்கே 400 கி.மீ. கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. 1990-க்குப் பிறகு ரயிலும் இல்லை, அது திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது 2014-இல்தான். கொழும்பில் விமானம் ஏறினால் அது நேர் வடக்கே பறக்கும். மேலே சொன்ன பென்சில் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: கட்டுநாயக்காவையும் சென்னை மீனம்பாக்கத்தையும் சேர்க்கும் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டித்தான் போகிறது. ஒரு பகலும் ஒரு இரவும் செலவழித்துக் கிளம்பிய ஆள், சற்று நேரத்தில் தன் வீட்டுப் பக்கத்து வானத்துக்கே வந்து, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே சென்னைக்குப் போவார். 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. விசிறி சுற்றும் சின்ன ஏ.டி.ஆர். விமானம்தான். இப்போது ஒன்றேகால் மணி நேரம்.